திருகோணமலையில் சிமுலேஷன் மாதிரியாக்கப் பயிற்சி: கட்டணம் கட்டிச் சேரலாமா?

திருகோணமலையில் தொழில்புரிவோருக்கென நடத்தப்படும் குறுங்காலப் பயிற்சிகள் கணக்கீட்டு மென்பொருள், ஆங்கிலப் பேச்சு, தொழிற்றலப் பாதுகாப்பு, விருந்தோம்பல் என்ற வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. சிமுலேஷன் மாதிரியாக்கத்தை, அதாவது ஒரு வரிசையோ துறைமுகமோ இயங்கும் விதத்தைத் தாளிலோ கணினியிலோ போலச் செய்து பார்க்கும் முறையை, கற்க விரும்பும் ஒருவர் விடுமுறை எடுத்துக்கொண்டு கொழும்புப் பக்கம் போக வேண்டும், அல்லது இணையத்தில் தனியே தட்டித் தடவிக் கற்க வேண்டும். ஆகவே, பொறியியலாளர்களையும் திட்டமிடல் உத்தியோகத்தர்களையும் வைத்தியசாலை நிருவாகத்தில் உள்ளவர்களையும் ஒரே வகுப்பில் அமர்த்தி, வார இறுதிகளில் நகரத்திலேயே நடத்தப்பட்ட பயிற்சிநெறி ஒன்றை முழுமையாகப் பின்பற்றி முடித்த நிலையில், அதன் தரத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவது அடுத்த அணியில் சேர எண்ணுவோருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன். குறைகளும் சொல்ல இருப்பதால் நடத்திய நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். பாடத்திட்டத்தின் பெரும்பகுதி இத்தகைய பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது என்பதால், பெயர் தெரியாமலே இந்த மதிப்பீட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியைத் திறக்காமல் நடந்த பகுதிகள் மிகச் சிறப்பானவை. கணினியில் மாதிரியுருவை அமைக்கும் பகுதி போதுமானது. அமைத்த மாதிரியுரு தரும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கற்பிக்க வேண்டிய பகுதி, அதாவது இந்தத் துறையின் உயிர்நிலை, அரைகுறையாகக் கடந்து செல்லப்பட்டது.

முதல் அமர்வில் மடிக்கணினிகளை மூடி வைக்கச் சொன்னார்கள். வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் மருந்து கொடுக்கும் ஒற்றைச் சாளரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு கோடிட்ட தாளும் இரண்டு தாயக்கட்டைகளும் தரப்பட்டன. அடுத்த நோயாளர் எத்தனை நிமிடங்களுக்குப் பிறகு வருவார், அவருக்கு மருந்து கொடுக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பவற்றைத் தாயம் தீர்மானிக்க, வந்த நேரம், சேவை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காத்திருந்த நேரம் என்று நிரல் நிரலாக எழுதிக்கொண்டே போக வேண்டும். பக்கத்து மேசையில் இருந்தவருக்கும் அதே விதிகள், அதே சராசரிகள், ஆனால் அவருடைய தாளில் வரிசை நான்கு பேருக்கு மேல் வளரவேயில்லை. என் தாளில் பதினொரு பேர் நின்றார்கள். ஒரே அமைப்பு இரண்டு நாள்களில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும் என்பதைத் தாயத்தை உருட்டிய கையே உணர்ந்துகொண்டது. போலந்து–அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டனிஸ்லாவ் உலாம் 1946இல் நோயிலிருந்து தேறிவந்த நாள்களில், தனியே சீட்டாடிக்கொண்டு, ஆட்டம் வெற்றியாக முடிவதற்கான நிகழ்தகவைக் கணக்கிட முயன்று, கணக்கிடுவதைவிடப் பல முறை ஆடிப் பார்த்து எண்ணுவது எளிது என்று கண்டதிலிருந்துதான் எழுமாறாகப் பல முறை முயன்று விடையை மதிப்பிடும் மொன்டே கார்லோ முறை பிறந்தது என்ற செய்தியை வளவாளர் அந்தப் பயிற்சி முடிந்த பிறகே சொன்னார். வரலாற்றை முதலில் சொல்லிப் பயிற்சியைப் பின்னுக்குத் தள்ளும் வழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

அதே சாளரத்தைச் சூத்திரத்தால் அணுகியது இரண்டாவது அமர்வு. கொப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அக்னர் எர்லாங் 1909இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒருவருக்கு மருந்து கொடுக்கச் சராசரியாக 4 நிமிடம் எடுக்கிறது என்று வைத்துக் கணக்கிடச் சொன்னார்கள். சராசரியாக 5 நிமிடத்துக்கு ஒருவர் வந்தால் ஊழியரின் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் கழிகிறது. நோயாளர் வரிசையில் நிற்பது சராசரியாக 16 நிமிடம். வருகை சற்றே கூடி, வேலைப்பளு 90 சதவீதமாகும்போது அந்த 16 நிமிடம் 36 ஆகிறது. 95 சதவீதத்தில் 76 ஆகிறது. வருகையும் சேவையும் கடிகாரம் போல ஒரே சீராக இருந்தால் இந்த மூன்று நிலைகளிலும் எவரும் ஒரு நிமிடமேனும் காத்திருக்கத் தேவையில்லை. அவ்வளவு காத்திருப்பும் சீரின்மையால் விளைவது. சேவை நேரத்தை மட்டும் எல்லோருக்கும் சரியாக 4 நிமிடமாக நிலைப்படுத்தி, வருகையை எழுமாறாகவே விட்டால், வரிசையில் நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஊழியர்களின் நேரத்தை முழுமையாகப் பயன்படுத்துவதே திறமையான நிருவாகம் என்று நம்பிக்கொண்டிருந்த பலர் அந்த அட்டவணையைப் பார்த்து மௌனமானார்கள். அரச அலுவலகங்களில் ஆளணியைக் குறைக்கும் சுற்றறிக்கைகளை எழுதுவோருக்கு இந்த ஓர் அமர்வையாவது கட்டாயமாக்கலாம் என்பது என் தனிப்பட்ட ஆசை.

சூத்திரம் இவ்வளவு தெளிவாக விடை தரும்போது சிமுலேஷன் எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. காலை எட்டு மணிக்குக் கூட்டம் அலையாக வருவது, கிளினிக் நாள்களில் வருகை மாறுவது, முதியோருக்கு முன்னுரிமை தருவது, நடுவில் மருந்து தீர்ந்து களஞ்சியத்துக்கு ஆள் அனுப்புவது என்று உண்மைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்கச் சூத்திரம் கைவிட்டுவிடும். தாயமும் தாளும், அவற்றின் வேகமான வடிவமாகிய கணினியும் மட்டுமே எஞ்சும். இதை விரிவுரையாகச் சொல்லாமல், வகுப்பிலிருந்தவர்களைக் கொண்டே ஒவ்வொரு சிக்கலாகக் கரும்பலகையில் எழுத வைத்து, எந்த இடத்தில் சூத்திரம் உதவாமல் போகிறது என்று காட்டிய விதம் தேர்ந்த ஆசிரியர் ஒருவருடையது.

தரவு சேகரிக்கும் பகுதியே இந்தப் பயிற்சியின் சிகரம். குழுக்களாகப் பிரித்து, கைக்கடிகாரமும் படிவமுமாக வெளியே அனுப்பினார்கள். எங்கள் குழுவுக்குக் கிடைத்தது எரிபொருள் நிரப்பு நிலையம். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டு வரிசைகளை இங்கு எவரும் மறந்திருக்க முடியாது என்பதால், இன்றைய நிலையில் அளந்த நேரங்களைக் கொண்டு அன்றைய கியூ.ஆர். ஒதுக்கீட்டு முறையை மீண்டும் உருவாக்கிப் பார்ப்பது பயிற்சியாகத் தரப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. நிமிடத்துக்கு 30 லீற்றர் பாய்ச்சும் குழாயில் 4 லீற்றர் நிரப்ப 8 விநாடி போதும். ஆனால் வண்டியைத் தள்ளி முன்னுக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, கைத்தொலைபேசியில் குறியீட்டைக் காட்டி, பணத்தைக் கொடுத்து, மிச்சத்தை வாங்கி நகர்வதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு வண்டிக்கு 68 விநாடி. ஒதுக்கீட்டை இரட்டிப்பாக்கி, இரு வாரங்களுக்கு ஒரு முறை வரச் செய்தால் ஒரு வண்டிக்கு 76 விநாடி. வரும் வண்டிகளின் எண்ணிக்கையோ பாதி. வழங்கப்படும் மொத்த எரிபொருள் ஒரு லீற்றர்கூடக் கூடாமலே குழாயின் வேலைப்பளு சுமார் 44 சதவீதம் குறைந்துவிடுகிறது.

இந்தக் கணக்கைக் கண்டதும் அன்றைய நிருவாகத்தைத் திட்டித் தீர்க்க வகுப்பு ஆயத்தமானபோது வளவாளர் குறுக்கிட்டதைப் பாராட்ட வேண்டும். இரண்டு வாரத்து எரிபொருளை முதல் வாரமே வாங்க எல்லோரும் வந்தால் நிலத்தடித் தாங்கியில் அவ்வளவு இருந்திருக்குமா, அடுத்த பவுசர் வரும் நாள் உறுதியாகத் தெரிந்திருந்ததா, வாங்கியதைக் கலன்களில் சேமித்துக் கைமாற்றுவோரின் நடத்தை மாதிரியுருவில் எங்கே இருக்கிறது என்று அவர் அடுக்கிய கேள்விகளுக்கு எங்கள் தாள்களில் விடை இல்லை. குழாயை மட்டும் மாதிரியுருவாக்கியவர் குழாயைப் பற்றி மட்டுமே பேசலாம் என்ற கட்டுப்பாட்டை இவ்வளவு உறைக்கும்படி வேறெங்கும் எனக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை.

இனி மென்பொருள். பயிற்சிநெறி ஒரு வணிக மென்பொருளின் காலவரையறை கொண்ட சோதனைப் பதிப்பை நம்பி வடிவமைக்கப்பட்டிருந்தது. திரையில் பெட்டிகளை இழுத்துவைத்து, அம்புகளால் இணைத்து, பண்புகளை நிரப்பினால் மாதிரியுரு ஓடத் தொடங்கிவிடும். நிரலாக்கம் தெரியாதவருக்கு இது பெரிய ஆறுதல் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் பயிற்சி முடிந்து சில வாரங்களில் உரிமம் காலாவதியாகிவிடும், அதன் பிறகு டொலரில் விலை சொல்லப்படும் ஒரு பொருளை மாகாண மட்டத்து அலுவலகமோ நடுத்தர அளவிலான தொழிற்சாலையோ வாங்கப்போவதில்லை என்பது நடத்துவோருக்குத் தெரியாத விடயமல்ல. ஜாம்சிம் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசமானது, திறந்த மூலத்தில் அமைந்தது, பெட்டிகளை இழுத்துவைக்கும் அதே வசதியையும் தருவது. பைதான் மொழி தெரிந்தவர்களுக்குச் சிம்பை என்ற நிரல் தொகுதி போதுமானது. எனிலொஜிக் நிறுவனமும் கற்போருக்கென இலவசப் பதிப்பொன்றை வழங்குகிறது. அதில் மாதிரியுருவின் அளவுக்கு வரம்பு உண்டு, தொழில் நோக்கில் பயன்படுத்த அனுமதி இல்லை, ஆனால் கற்பதற்குத் தடையில்லை. இவற்றுள் ஒன்றை முதன்மைக் கருவியாக வைத்திருந்தால், சான்றிதழோடு வேலை செய்யும் கருவியும் எங்களுடன் வீட்டுக்கு வந்திருக்கும். இந்த மாற்று வழிகள் கடைசி நாளில், தேநீர் இடைவேளைக்கு முன்பு, ஒரே ஒரு படவில்லையில் காட்டப்பட்டு மறைந்தன.

பயிற்சி நூலிலிருந்த உதாரணங்களும் பெரும்பாலும் அமெரிக்க வங்கிகளையும் விமான நிலையங்களையும் பற்றியவை. அவற்றைத் தாண்டி உள்ளூருக்கு வந்தது துறைமுகப் பயிற்சி மட்டுமே. சீனக்குடாப் பக்கத்தில் மாவாலையும் சீமெந்து ஆலையும் இயங்கும் ஊரில், கோதுமையோ, சீமெந்தாக அரைக்கப்படும் கிளிங்கரோ ஏற்றிவரும் கப்பல் ஒன்று நங்கூரமிட்டு நிற்பதிலிருந்து, இழுவைப்படகின் துணையோடு துறைமேடைக்கு வந்து, சரக்கை இறக்கி, லொறிகளில் ஏற்றி, தராசுமேடையில் நிறுத்து வெளியே அனுப்புவது வரையான தொடரை மாதிரியுருவாக்குவதைவிடப் பொருத்தமான பாடம் இருக்க முடியாது. கப்பல் தாமதமானால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டிய தரப்பைச் சேர்ந்த ஒருவர் வகுப்பிலேயே இருந்ததால் விவாதம் சூடாகவே நடந்தது. பாரந்தூக்கியின் வேகத்தைக் கூட்டுவது, லொறிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது, இரண்டாவது தராசுமேடை அமைப்பது ஆகிய மூன்றில் எது பயன் தரும் என்று ஓட்டிப் பார்த்தபோது, பாரந்தூக்கியில் செலவிடும் பணம் ஏறத்தாழ முழுவதும் வீணாகும் என்று தெரிந்தது. சரக்கு வேகமாக இறங்கினாலும் தராசுமேடையின் முன்னே லொறிகள் நீளமாக நின்றன. நாங்கள் ஊகித்துக் கொடுத்த எண்களைக் கொண்டு வந்த முடிவு என்பதால் எந்த உண்மையான ஆலைக்கும் இதை அப்படியே பொருத்தக்கூடாது. ஆனாலும், நெருக்கடி ஓரிடத்தில் இருக்கப் பணம் வேறிடத்தில் கொட்டப்படுவதைக் கண்ணால் காணும் அனுபவம் பெறுமதியானது.

இந்தப் பயிற்சியில் மழை இருந்த விதம்தான் எனக்குச் சம்மதமாகவில்லை. கோதுமையும் கிளிங்கரும் மழையில் நனையக்கூடாத சரக்குகள். தூறல் விழுந்தால் கப்பலின் கிடங்கு மூடிகளைச் சாத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாதிரியுருவில் ஆண்டு முழுவதற்குமான மழை மணித்தியாலங்களைச் சராசரியாக்கி, ஒவ்வொரு நாளுக்கும் சமமாகப் பங்கிட்டிருந்தார்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் மழையிலேயே இந்தக் கரையோரத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு விழுகிறது. பங்குனியிலும் ஆனியிலும் வானம் வெளுத்துக் கிடக்கும். கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் பெய்யும் அடைமழையின்போது இரண்டு கப்பல்கள் அடுத்தடுத்து வந்து நிற்பதே உண்மையான இடர். அதைச் சராசரி மழை ஒருபோதும் காட்டாது. சராசரியை நம்பாதே என்று முதல் நாளில் தாயத்தால் கற்பித்த அதே பயிற்சி, துறைமுகத்துக்கு வந்ததும் சராசரி மழையை ஏற்றுக்கொண்டது வியப்பாக இருந்தது. இதைச் சுட்டிக்காட்டியபோது வளவாளர் உடனே ஏற்று, மாதவாரியாக மாற்றிக் காட்டினார் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

பெரிய குறைக்கு வருகிறேன். மாதிரியுரு ஓடத் தொடங்கியதும் திரையில் முப்பரிமாணக் கப்பல் அசைந்து வருகிறது, லொறிகள் ஊர்கின்றன, சிறிய மனிதர்கள் நடக்கிறார்கள். வகுப்பு கைதட்டியது. ஒரே ஒரு முறை ஓட்டிப் பெற்ற எண்ணை அறிக்கையில் எழுதிக்கொள்ளும்படி சொல்லப்பட்டது. தாளில் தாயம் உருட்டியபோது பக்கத்து மேசைக்காரருக்கும் எனக்கும் வேறு வேறு விடைகள் வந்ததன் பாடம் இங்கேதான் தேவைப்பட்டது. கணினியில் ஒரு முறை ஓட்டுவது ஒரு மேசையின் தாளுக்கு மட்டுமே சமம். எழுமாற்று எண்களின் தொடக்க விதையை மாற்றினால் விடையும் மாறும். ஆகவே ஒரே மாதிரியுருவை வெவ்வேறு விதைகளுடன் பல முறை ஓட்டி, விடைகளின் சராசரியோடு, உண்மையான சராசரி பெரும்பாலும் அடங்கக்கூடிய வீச்சாகிய நம்பிக்கை ஆயிடையையும் சேர்த்தே வெளியிட வேண்டும். அந்த ஆயிடையின் அகலம் ஓட்டங்களின் எண்ணிக்கையுடைய வர்க்கமூலத்துக்கு ஏற்பவே சுருங்கும் என்பதால், அகலத்தைப் பாதியாக்க விரும்புபவர் நான்கு மடங்கு ஓட்டங்களை ஓட்ட வேண்டும். மருந்துச் சாளரத்தில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோர் வந்து போகிறார்கள். துறைமேடைக்கோ மாதத்தில் சில கப்பல்களே வருகின்றன. ஓராண்டு ஓட்டம் என்பது கேட்பதற்கு நீண்டதாகத் தோன்றினாலும், அதில் அடங்கும் கப்பல்கள் மிகக் குறைவு என்பதால், ஒற்றை ஓட்டத்தின் விடை எவ்வளவு வேண்டுமானாலும் தடுமாறலாம்.

தொடக்க நிலையைப் பற்றியும் போதிய விளக்கம் இருக்கவில்லை. மாதிரியுரு ஓடத் தொடங்கும் கணத்தில் துறைமேடை வெறுமையாகவும் லொறிகள் எல்லாம் ஓய்வாகவும் இருக்கும். முதலில் வரும் கப்பல்களுக்கு அதனால் இயல்புக்கு மீறிய நல்ல காலம். அந்த ஆரம்பப் பகுதியைக் கணக்கிலிருந்து வெட்டிவிட்டு, அமைப்பு தன் வழமையான நிலைக்கு வந்த பிறகே அளக்கத் தொடங்க வேண்டும். எவ்வளவை வெட்டுவது என்பதற்கு வெல்ச் முறை போன்ற எளிய வரைபட வழிகள் பல காலமாகப் பயன்பாட்டில் இருக்கின்றன. காலையில் கதவு திறந்து மாலையில் மூடும் சாளரத்துக்கு இந்த வெட்டு தேவையில்லை என்ற வேறுபாடும் கற்பிக்கப்பட வேண்டியதே. இரண்டு மாற்றுத் திட்டங்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே எழுமாற்று எண் தொடரைக் கொடுத்தால் ஒப்பீடு கூர்மையாகும் என்ற உத்தியும் அவ்வாறே விடுபட்டது. இவையெல்லாம் முனைவர் பட்டத்துக்குரிய நுணுக்கங்கள் அல்ல. தன் முகாமையாளரின் மேசையில் ஓர் எண்ணை வைத்துக் கோடிக்கணக்கான ரூபாயைச் செலவிடச் சொல்லப்போகும் ஒருவருக்கு வேண்டிய அடிப்படைக் காப்பு.

மாதிரியுரு உண்மையோடு ஒத்துப்போகிறதா என்று செல்லுபடி பார்க்கும் பகுதி இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது. மாதிரியுரு உருவாக்கிய லொறிப் பதிவேட்டின் ஒரு பக்கத்தையும் உண்மையான பதிவேட்டின் ஒரு பக்கத்தையும் ஒரே வடிவில் அச்சிட்டு, எது உண்மை எது போலி என்று அந்த வேலையில் பல ஆண்டு ஊறிய ஒருவரிடம் காட்டச் சொல்லும் முறையை இங்கு செய்து பார்த்தோம். அலன் டியூரிங் இயந்திர அறிவுக்கு முன்வைத்த சோதனையிலிருந்து பெயர் பெற்ற முறை இது. தராசுமேடை அனுபவமுள்ள ஒருவர் எங்கள் பக்கத்தைப் பார்த்த கணமே போலி என்று விரலை வைத்தார்: பகல் உணவு நேரத்திலும், வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்திலும் எங்கள் லொறிகள் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. புள்ளிவிவரச் சோதனை எதுவும் சொல்லித் தராத பிழையை அவர் சொல்லித் தந்தார். மாதிரியுருவை அமைக்கத் தொடங்குவதற்கு முன்பே அவரைப் போன்றவர்களை அழைத்துப் பேச வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே பொறெஸ்டர் வளர்த்தெடுத்த, தாமதங்களும் பின்னூட்டங்களும் ஓர் அமைப்பை எப்படி ஆட்டுவிக்கின்றன என்று ஆராயும் அமைப்பு இயங்கியலுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கு 1960களில் உருவான பியர் விளையாட்டை, பியரைச் சோடாவாக மாற்றி ஆடினோம். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகத்தர், ஆலை என்று நால்வர் வரிசையாக அமர்ந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், வாரந்தோறும் கட்டளைச் சீட்டை மட்டும் மேலே அனுப்ப வேண்டும். வாடிக்கையாளரின் தேவை ஐந்தாம் வாரத்தில் 4 பெட்டியிலிருந்து 8 பெட்டியாக உயர்ந்து, பிறகு கடைசி வரை அப்படியே நிற்கிறது. அவ்வளவு சிறிய மாற்றத்துக்கு எங்கள் ஆலை வாரத்துக்கு 40 பெட்டி உற்பத்தி செய்து, பிறகு விற்க முடியாமல் குவித்து வைத்திருந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவரையே குற்றஞ்சாட்டினோம். குற்றம் எவரிடமும் இல்லை, சரக்கு வந்து சேர எடுக்கும் தாமதத்திலும் அதை மறந்து மீண்டும் மீண்டும் கட்டளையிடும் பழக்கத்திலும் இருக்கிறது என்பது வரைபடத்தைப் பார்த்தபோதே விளங்கிற்று.

அதே நாளின் பிற்பகலில் இருப்பும் பாய்ச்சலும் பற்றி விளக்கக் கந்தளாய்க் குளம் எடுத்துக்கொள்ளப்பட்டது. வாய்க்கால் வழி வரும் நீர், மழை, ஆவியாதல், மதகு வழி வயலுக்குப் போகும் நீர் ஆகியவற்றை எழுதி, குளத்தின் மட்டம் மாதந்தோறும் எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைந்தோம். நீர்ப்பாசனத்தோடு தொடர்புடைய ஒருவர் 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அந்தக் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை நினைவூட்டி, இந்த மாதிரியுரு அன்றைய நாளில் என்ன சொல்லியிருக்கும் என்று கேட்டார். கட்டின் உறுதி அதில் ஒரு மாறியாகவே இல்லை. ஆகவே அது தொடர்ந்து நீர்மட்டத்தையே வரைந்துகொண்டிருந்திருக்கும். முழுப் பயிற்சியிலும் எழுந்த மிகச் சிறந்த கேள்வி அதுவே. அதை வளவாளர் பாராட்டிவிட்டு அடுத்த படவில்லைக்குப் போகாமல், மாதிரியுருவின் எல்லையை எங்கே வரைவது, எல்லைக்கு வெளியே விட்டவற்றை அறிக்கையில் எப்படி எழுதிவைப்பது என்பதற்கு அந்தப் பிற்பகல் முழுவதையும் கொடுத்திருக்கலாம்.

தனித்தனி முடிவெடுப்போரைக் கொண்டு அமைக்கும் முகவர்சார் மாதிரியாக்கம் பெயரளவுக்கே இடம்பெற்றது. யூரி விலென்ஸ்கி 1999இல் வெளியிட்ட நெட்லோகோ என்ற மென்பொருளில் ஏற்கெனவே உள்ள ஓநாய்–ஆடு மாதிரியுருவை ஓட்டிப் பார்த்ததோடு சரி. இதற்காக மட்டும் சேர நினைப்பவர் சேர வேண்டாம்.

வசதிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. மண்டபம் குளிரூட்டப்பட்டது, மின் தடைப்பட்டபோது ஜெனரேட்டர் உடனே இயங்கியது, உணவு ஹலால், தேநீர் வேளைக்கு வடை நன்றாக இருந்தது. படவில்லைகள் ஆங்கிலத்திலும் விளக்கம் தமிழிலும் அமைந்தன. சிங்களம் பேசும் பங்குபற்றுநர் சிலருக்காக இடையிடையே மொழி மாறியது எவருக்கும் இடைஞ்சலாகவில்லை. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்தவர்களுக்காகக் காலை அமர்வை அரை மணித்தியாலம் தள்ளி வைத்ததும் நல்ல ஏற்பாடு.

கட்டணம் ஓர் இளநிலைப் பொறியியலாளரின் மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதியை விழுங்கக்கூடியது. நிறுவனம் செலுத்துமானால் தயங்காமல் சேரலாம். சொந்தப் பணத்தில் சேர்பவருக்கு என் ஆலோசனை வேறு. குளிர்கால சிமுலேஷன் மாநாடு என்ற பெயரில் 1960களின் பிற்பகுதியிலிருந்து நடந்துவரும் சர்வதேச மாநாட்டின் கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; தொடக்கநிலையினருக்கென எழுதப்பட்ட பாடக் கட்டுரைகளும் அவற்றுள் உண்டு. நான் குறையாகச் சொன்ன, பல ஓட்டங்களின் விடைகளை ஆராயும் வெளியீட்டுப் பகுப்பாய்வை அவற்றிலிருந்தே பின்னர் கற்றுக்கொண்டேன். அவற்றையும் இலவச மென்பொருள் ஒன்றையும் வைத்துக்கொண்டு தனியே கற்கும் பொறுமை உள்ளவர், பயிற்சியின் கணினிப் பகுதியை இழப்பதால் அதிகம் இழக்கமாட்டார். தாயக்கட்டை அமர்வும் கள அளவீடும் பியர் விளையாட்டும் தனியே செய்ய முடியாதவை; அவற்றை மட்டும் தனியான குறும் செயலமர்வாக, குறைந்த கட்டணத்தில் நடத்தினால் அதுவே இந்த ஊருக்கு ஏற்ற வடிவம். நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இயங்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் போன்ற இடமொன்று அதற்கு முன்வந்தால் இன்னும் நல்லது.

சேர்வதென்று முடிவெடுத்தவர்கள், தாம் பணியாற்றும் இடத்திலிருந்து குறைந்தது ஒரு மாத காலத்துக்குரிய, நேரம் குறிக்கப்பட்ட பதிவுகளையும், அவற்றைப் பயன்படுத்துவதற்கான எழுத்துமூல அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும். இறுதிச் செயற்றிட்டத்தை உங்கள் சொந்த இடத்தைப் பற்றியே செய்யச் சொல்வார்கள்; தரவு இல்லாமல் வந்த சிலர் கடைசி நேரத்தில் கற்பனை எண்களை நிரப்பி, எதற்கும் உதவாத அழகான அசைபடம் ஒன்றோடு வீடு திரும்பினார்கள். பதிவு செய்யத் தொலைபேசியில் அழைக்கும்போதே, பல முறை ஓட்டி விடைகளை ஆராய்வதற்கு இம்முறை எத்தனை மணித்தியாலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு முழு நாளுக்குக் குறைவாகச் சொன்னால், கட்டணத்தில் கழிவு கேட்பதில் தவறேதும் இல்லை.